மருந்து ஏறின பிறகும் சிறுநீர் ஏன் கருப்பாகப் போகிறது?

சம்பா அறுப்பு நேரம். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஐம்பது வயது அம்மா ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வைக்கோல் அள்ளும்போது காலில் பாம்புக் கடி. கடித்தது காலை ஒன்பது மணிக்கு, எங்களிடம் வந்தது சாயங்காலம் நாலு மணிக்கு. நடுவில் முழங்காலுக்குக் கீழே கயிற்றால் இறுக்கிக் கட்டியது, விஷக்கடி வைத்தியரைத் தேடிப் போனது, பச்சிலைச் சாறு, காத்திருப்பு. 2 மில்லி இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தோம். உறைந்திருக்க வேண்டிய இரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. வீங்கிய காலையும் சேர்த்துப் பார்த்தால் கண்ணாடி விரியன்தான்.

விஷமுறிவு மருந்து ஏற்றினோம். மறுநாள் காலை அவர் மகன் சிறுநீர்ப் பையைக் காட்டிக் கேட்டார்: "டாக்டரம்மா, மருந்துதான் போட்டாச்சே, அப்புறம் ஏன் ஒண்ணுக்கு டிக்காஷன் மாதிரி வருது?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல செல் சவ்வைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் மூடியிருக்கும் தோல் அது. தடிமன் ஏறத்தாழ 7 அல்லது 8 நானோமீட்டர். பத்தாயிரம் சவ்வுகளை அடுக்கினாலும் ஒரு தாள் கனம் வராது. அதன் அடிப்படைப் பொருள் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தண்ணீரோடு ஒட்டும் ஒரு தலை, தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும் இரண்டு வால். செல்லுக்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். அதனால் தலைகள் இரண்டு பக்கமும் பார்க்க, வால்கள் நடுவில் ஒன்றையொன்று பார்த்து ஒளிந்துகொள்கின்றன. இப்படி இரண்டு வரிசை. 1925இல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரண்டு டச்சுக்காரர்கள் இரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்துத் தண்ணீர்மேல் பரப்பினார்கள். அது அணுக்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு இடத்தை மூடியது. இரட்டை அடுக்கு என்று தெரிந்தது அப்படித்தான்.

கொழுப்பு மட்டும் இருந்தால் செல்லுக்குத் தேவையான பலதும் உள்ளே சரியாகப் போகாது. அதனால் நடுநடுவே புரதங்கள். சில வாய்க்கால் மதகு மாதிரி, சோடியத்துக்கு ஒன்று, பொட்டாசியத்துக்கு ஒன்று என்று திறந்து மூடும். சில வெளியிலிருந்து வரும் சேதியை வாங்கி உள்ளே சொல்லும். சவ்வு ரொம்ப இளகாமலும் விறைக்காமலும் பார்த்துக்கொள்வது, எல்லோரும் திட்டும் கொலஸ்டிரால். வெளிப்பக்கம் சர்க்கரைச் சங்கிலிகள். உங்கள் இரத்தம் ஏ வகையா பி வகையா என்பதைத் தீர்மானிப்பது அந்தச் சர்க்கரைதான். எதுவும் ஓர் இடத்தில் ஆணி அடித்து நிற்பதில்லை, எல்லாம் மிதந்து நகர்கிறது என்று 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் சொன்ன படத்தைத்தான் இன்றும் பாடத்தில் படிக்கிறோம்.

சரி, விரியனுக்கு வருவோம். அதன் விஷத்தில் பல சரக்கு உண்டு. இரத்தத்தை உறைய வைக்கும் பொருட்களைத் தூண்டித் தூண்டித் தீர்த்துவிடுவது ஒரு கூட்டம். இன்னொன்று பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதி. அது பாஸ்போலிப்பிட்டின் இரண்டு வால்களில் ஒன்றை வெட்டிவிடும். ஒற்றை வாலோடு மிஞ்சுவது சோப்பு மாதிரி. எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு கரைப்பதுபோலச் சுற்றியிருக்கும் சவ்வையும் கரைக்கும். நொதி என்பதால் வெட்டின பிறகும் தீர்ந்துபோகாது, அடுத்ததற்குப் போகும். சவ்வு கிழிந்த சிவப்பணுவிலிருந்தும் தசையிலிருந்தும் கொட்டுகிற நிறமிகள்தான் சிறுநீரைக் கருக்க வைக்கின்றன. சிறுநீரகம் அடிவாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மகன் விவசாயி. அதனால் இப்படிச் சொன்னேன்: "தம்பி, வரப்புல நண்டு வளை போட்டுத் தண்ணி போகுது. நண்டப் பிடிச்சாச்சு. வளைய யார் அடைக்கிறது?" விஷமுறிவு மருந்து இரத்தத்தில் சுற்றும் விஷத்தைப் பிடிக்கும், அவ்வளவுதான். கிழிந்த சவ்வைத் தைக்கத் தெரியாது. அந்த வேலையை உடம்புதான் செய்ய வேண்டும், அதற்கு நாள் ஆகும். ஏழு மணி நேரம் நண்டுக்கு விட்டுக் கொடுத்திருக்கிறோம்.

கட்டுவிரியன் இதைவிட மோசம், சத்தமே போடாது. தரையில் படுத்திருப்பவரை ராத்திரியில் கடிக்கும், வலி பெரிதாக இருக்காது, விடியற்காலை வயிற்றுவலி என்று வருவார்கள், கண் இமை தொங்கியிருக்கும். அதன் விஷத்திலும் இதே வகை நொதி உண்டு. நரம்பு முனையைச் சிதைத்துவிடும், மூச்சுத் தசைக்குச் சேதி போகாது. முனை மறுபடி வளரும் வரை, சிலருக்கு நாள்கணக்கில், வென்டிலேட்டர்தான் மூச்சு விட வேண்டும். மழைக்காலத்தில் பாயை விட்டுக் கட்டிலுக்கு மாறுங்கள், கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

பச்சிலையில் பிழைத்தவர்கள் இருக்கிறார்களே என்பார்கள். இருக்கிறார்கள். கடித்தது சாரையாகவோ தண்ணீர்ப்பாம்பாகவோ இருந்திருக்கும், அல்லது விரியனே விஷம் இறக்காமல் கடித்திருக்கும். கட்டுப் போடுவது விரியன் கடியில் கூடுதல் கேடு, விஷம் அங்கேயே தேங்கிச் சதையை அழிக்கும். கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். கடிபட்ட காலை ஆட்டாமல் வைத்து, கொலுசு மெட்டியைக் கழற்றிவிட்டு, 108ஐக் கூப்பிடுங்கள்.

அந்த அம்மாவுக்கு ஆறு முறை டயாலிசிஸ் செய்தோம். மூன்றாவது வாரம் சிறுநீர் தெளிந்தது. வீட்டுக்குக் கிளம்பும்போது மகன் மெதுவாகக் கேட்டார், பாம்பை அடித்துக் கொண்டுவந்திருந்தால் சீக்கிரம் சரியாகியிருக்குமா என்று. தேவையே இல்லை என்றேன். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்துதான் எங்களிடம் இருக்கிறது. பாம்பைத் தேடுகிற நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்துவிடலாம்.