குடிமராமத்து: ஒரு சொல், இரண்டு வேற்றுமை

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக மாணவர்களை ஒரு கிராமத்து ஏரிக்கு அழைத்துப் போயிருந்தோம். கரையில் துருவேறிய தகரப் பலகை ஒன்று. பாதி எழுத்து உதிர்ந்துபோய் ‘குடி மராமத்து’ என்பது மட்டும் மிச்சம். முதலாமாண்டுப் பையன் ஒருவன் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டான்: “சார், குடிக்கும் ஏரிக்கும் என்ன சார் சம்பந்தம்? குடிச்சிட்டு வந்து வேலை பாக்கணுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை. அவன் காதில் விழுகிற ‘குடி’ ஒன்றே ஒன்றுதான். இன்னொரு குடி இருந்ததை அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

அந்த இன்னொரு குடி பழஞ்சொல். வீடு, குடும்பம், மரபு, ஊர் மக்கள், அரசனுக்கு உட்பட்டவர்கள் என்று பல பொருளில் சங்கப் பாட்டிலேயே புழங்குகிறது. குடியிருப்பு, குடித்தனம், குடியானவன், குடிமகன், குடியரசு எல்லாம் அதன் பிள்ளைகள். விளைச்சலைப் பிரிக்கும்போது நிலத்துக்காரருக்கு மேல்வாரம், உழுதவருக்குக் குடிவாரம் என்பார்கள். அங்கே குடி என்றால் உழுகிறவர். குடிமராமத்தில் உள்ள குடியும் ஏறக்குறைய இவர்தான்: அந்த ஏரித் தண்ணீரில் பயிர் வைக்கிற ஆயக்கட்டுக்காரர்.

‘மராமத்து’ வெளியூர்க்காரன். அரபியில் ‘ரம்ம’ என்ற வேரிலிருந்து, பழுதுபட்டதைச் சரிசெய்வது என்ற பொருளில் பிறந்து, பாரசீகத்தில் நுழைந்து, இந்துஸ்தானியில் ‘மரம்மத்’ ஆகி, கச்சேரிக் காகிதங்களோடு தெற்கே வந்து சேர்ந்தது. தாசில், தாலுகா, ஜமாபந்தி, பசலி, வசூல், பாக்கி எல்லாம் வந்த அதே வண்டி. கேரளத்தில் பொதுப்பணித்துறைக்கு இன்றும் ‘பொதுமராமத்து’ என்றுதான் பெயர். நம் பக்கமும் அதை மராமத்து இலாகா என்று சொன்ன தலைமுறை ஒன்று இருந்தது. “கூரைக்கு மராமத்து பாக்கணும்” என்று என் அத்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது அரபுச் சொல் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

ஆக, முன்பாதி தமிழ், பின்பாதி அரபி. இணைத்தால் குடிமராமத்து: ஏரி, குளம், வாய்க்கால்களில் சிறு பழுதுகளை அவற்றால் பயன்பெறும் ஊர்க்காரர்களே கூடிச் செப்பனிடுவது. மழைக்கு முன் கரையில் எலி வளைகளை அடைப்பது, புல் செதுக்குவது, வாய்க்காலில் தூர் வாருவது, மதகுச் சட்டத்தைப் பார்ப்பது. வீட்டுக்கு ஓர் ஆள். ஆள் அனுப்ப முடியாத வீடு கூலியோ நெல்லோ தர வேண்டும். பல ஊர்களில் கணக்கு தலைக்கட்டு வாரியாக ஓடும். கரை உடைப்பு, கலிங்கு (உபரித் தண்ணீர் வழிந்தோடும் அமைப்பு) கட்டுவது போன்ற பெரிய வேலை அரசாங்கத்துடையது. சில்லறை வேலை குடிகளுடையது. இந்தப் பிரிவினையிலிருந்துதான் சொல்லே வந்தது.

சோழர் கல்வெட்டுகளில் இந்தச் சொல்லைத் தேடிப் பயனில்லை. மராமத்து அப்போது இந்தப் பக்கம் வந்திருக்கவில்லை. வேலை பழையது; பெயர் பிற்காலத்து வருவாய்க் கணக்குகளில் நிலைத்தது. அது சட்டத்தின் பிடிக்குள் வந்தது 1858-ஆம் ஆண்டின் முதலாம் எண் சட்டத்தில். சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் என்று பேர். ஊர் வழக்கமாகச் செய்துவந்த வேலையைச் செய்யாதவரிடம் தண்டம் வசூலிக்கலாம் என்றது. பெயரிலேயே ‘கட்டாய’ ஏறிவிட்டதைக் கவனியுங்கள். தானாக நடந்துகொண்டிருந்தால் சட்டம் எதற்கு?

கல்வெட்டுகளில் இருப்பது ‘ஏரி வாரியம்’. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இரண்டும் ஊர்ச்சபை வாரியங்களைச் சொல்கின்றன. ஏரி வாரியத்துக்கு 6 பேர், பதவிக்காலம் 360 நாள், தேர்வு குடவோலையில். இளைஞர்களைப் பொதுவேலைக்கு இழுப்பதைப் பற்றிப் பேசும் மேடைகளில் உத்தரமேரூரைப் பெருமையாக எடுத்துவிடுவார்கள். கல்வெட்டில் உள்ள வயது வரம்பை மட்டும் சொல்ல மாட்டார்கள். முதல் கல்வெட்டில் 30-க்கு மேல் 60-க்குள். இரண்டே வருடத்தில் அது 35-க்கு மேல் 70-க்குள் என்று ஏறிவிட்டது. கால் வேலிக்கு மேல் (வேலி என்பது பழைய நில அளவு) நிலமும் இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், ஓலையைக் குடத்திலிருந்து எடுக்க மட்டும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாத ஒரு சிறுவனைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஏரி நிர்வாகத்தில் சின்ன வயசுக்காரருக்கு அந்தக் கல் ஒதுக்கிய இடம் அவ்வளவுதான்.

தோளில் மண் சுமந்தவர் யார் என்பது வேறு கதை. ‘வெட்டி’ என்று இன்னொரு பழஞ்சொல் உண்டு. வடமொழி ‘விஷ்டி’யிலிருந்து வந்தது என்பார்கள். கூலியில்லாமல் ஊருக்கோ அரசுக்கோ செய்ய வேண்டிய வேலை அது. இன்று ‘வெட்டிப்பயல்’ என்றால் வேலையே செய்யாதவன்! கூலியில்லா உழைப்பைக் குறித்த சொல் உழைப்பே இல்லாதவனுக்கு வசையானது எப்படி என்று யோசித்தால் ஊரின் கணக்கு புரியும். தண்ணீரின் பங்கு நிலமுள்ளவருக்கும், கரையின் பாரம் நிலமில்லாத சேரிக்காரருக்கும் போன ஊர்கள் ஏராளம். குடிமராமத்தைப் பொற்காலமாகப் பாடுகிறவர்கள் இந்த வெட்டியைத் தொடாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இனி, தமிழ் இணை. மராமத்து அரபு என்று தெரிந்ததும் சிலருக்குக் கை பரபரக்கும். ‘குடிப்பராமரிப்பு’ என்று மாற்றச் சொன்னார் ஒரு நண்பர். பராமரிப்பும் வடமொழிப் பிறப்புதான். அரபியை இறக்கிவிட்டு வடமொழியை ஏற்றிக்கொண்டதாகும். ‘குடிச்செப்பம்’ எழுதிப் பார்த்தேன், பல்பொடிப் பெயர் மாதிரி இருக்கிறது. ‘ஊர்ப்பணி’ எளிமையானது, ஆனால் கோயில் கொடையும் ஊர்ப்பணிதான். ‘செப்பனிடல்’ வேலையைச் சரியாகச் சொல்கிறது, செய்கிறவரைச் சொல்லவில்லை.

பழைய சொல் ஒன்று என்னை இழுக்கிறது: புறந்தருதல். பேணிக் காப்பது என்று பொருள். புறநானூற்று 35-ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் சோழனிடம், ஏர்மாட்டைப் பேணுகிறவர்களின் பாரத்தைத் தாங்கி ‘குடி புறந்தருகுவை’யானால் பகைவரும் உன் அடி பணிவார்கள் என்கிறார். அரசன் குடியைப் பேண வேண்டும். அங்கே குடி, பேணப்படுவது. குடிமராமத்தில் அது தலைகீழ்: குடிதான் பேணுவது, ஏரி பேணப்படுவது.

இங்கேதான் இலக்கணம் வேலைக்கு ஆகிறது. பள்ளிக்கூடத்து முறையில் விரித்தால், குடிமராமத்து என்பது ‘குடிகளால் செய்யப்படும் மராமத்து’. மூன்றாம் வேற்றுமை. ‘ஆல்’ என்ற உருபு மறைந்திருக்கிறது. இன்றைக்குப் பலகையில் படிக்கிறவர்கள் ‘குடிகளுக்காகச் செய்யப்படும் மராமத்து’ என்று நான்காம் வேற்றுமையாக விரித்துக்கொள்கிறார்கள். யாரோ வந்து, நமக்காக, செய்து தருவது. ஓர் உருபுதான் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்துக்குள் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு கிடக்கிறது.

ஏரியின் மீன் குத்தகையும் கரைமர ஏலமும் ஊர்க் கையிலிருந்து நழுவின. பம்புசெட் வந்ததும் சொந்தக் கிணறு வைத்திருந்தவருக்கு மதகைப் பற்றிக் கவலை இல்லாமல் போயிற்று. ரசாயன உரம் வந்ததும் ஏரி வண்டலை வண்டி கட்டி அள்ளுவதற்கு அவசியம் குறைந்தது. வண்டல் எடுப்பதே தூர் வாருதலாகவும் இருந்தது என்பதை யாரும் அப்போது நினைக்கவில்லை. ஏரி, கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் நீர்நிலைப் புறம்போக்காக இருந்தது, ஊராரின் வாயில் ‘கவர்மெண்ட் ஏரி’யாயிற்று. புறம்போக்கு வசையான கதையும் இதே பாதையில்தான் நடந்தது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

2017 மார்ச்சில் தமிழ்நாடு அரசு, காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலம் ஏரியில் தொடங்கி, இந்தச் சொல்லையே திட்டப் பெயராக்கியது. முதல் கட்டத்தில் 1,519 பணிகள், 100 கோடி ரூபாய். பாசன விவசாயிகளின் பங்கு 10 விழுக்காடு, அதைப் பணமாகவோ பொருளாகவோ உடல் உழைப்பாகவோ தரலாம் என்றார்கள். ‘ஆல்’ உருபைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சி அந்த 10 விழுக்காட்டில் இருந்தது. நான் பார்த்த இடங்களில் பொக்லைன்தான் குடியாக நின்றது. பொக்லைனைக் குறை சொல்ல முடியாது, ஒரு நாளில் அது அள்ளுவதை 50 பேர் சேர்ந்தாலும் அதே நாளில் அள்ள முடியாது. ஆனால் அது அடுத்த ஐப்பசியில் வந்து எலி வளை அடைக்காது.

எங்கள் முகாமுக்கு வருகிறேன். நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24-இல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, 7 நாள் சிறப்பு முகாம். பல முகாம்கள் ஊர்வலமும் உறுதிமொழியுமாகக் கழிந்துவிடும். எங்களுடையதும் முதல் இரண்டு நாள் அப்படித்தான். மூன்றாம் நாள் ஊர்ப் பெரியவர் ஒருவர், அந்தக் காலத்தில் நீர்க்கட்டியாக (மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுபவர்) இருந்தவர், கரையில் வந்து நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். பையன்கள் மண்கூடையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“ஏம்ப்பா, புள்ளத்தாச்சி மாதிரி தூக்கிக்கிட்டுப் போறீங்க? தலைல வைங்கப்பா. சும்மாடு இல்லையா?”

சும்மாடு என்றால் என்ன என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து நீளவாக்கில் முறுக்கினார். முறுக்கியதைச் சுருட்டி, நுனியை உள்ளே செருகி, வளையமாக்கி, பலகையைப் படித்த அந்தப் பையன் தலையில் வைத்து, மேலே கூடையை ஏற்றினார். “கழுத்த வளைக்காத. நேரா பாத்து நட.” நடந்தான். நாலு நடை போனதும் கையை விட்டுவிட்டே நடந்தான். அன்று மத்தியானத்துக்குள் எல்லாத் துண்டும் சும்மாடாகியிருந்தது. ஒருத்தி துப்பட்டாவில் செய்திருந்தாள்.

சாயங்காலம் அவர் கலிங்குக்குக் கூட்டிப்போய், தண்ணீர் எந்தக் கல்லைத் தொட்டால் எந்த மடை திறக்கலாம் என்று காட்டினார். எங்கள் உறுதிமொழிப் பத்திரத்தில் அதெல்லாம் இல்லை.

இந்தப் பிள்ளைகளில் யாருக்கும் அந்த ஆயக்கட்டில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. உத்தரமேரூர்க் கணக்கில் ஏரி வாரியத்துக்கு லாயக்கில்லாதவர்கள். குடிவாரக் கணக்கில் குடியே இல்லை. கோவையில் குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் ஞாயிறுதோறும் பேரூரிலும் வெள்ளலூரிலும் குளத்தில் இறங்கியபோது வந்தவர்களில் பலரும் நகரத்துப் பிள்ளைகள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு பேராவூரணியில் இளைஞர்கள் கைஃபா என்று ஒரு சங்கமாகச் சேர்ந்து பெரியகுளத்தைத் தூர் வாரினார்கள். அங்கே நிலமுள்ளவரும் இருந்தார், வெளிநாட்டு வேலையை விட்டு வந்தவரும் இருந்தார். குடி என்பதற்கு இனி ‘ஆயக்கட்டில் நிலமுள்ளவர்’ என்று மட்டும் பொருள் எழுதினால் இவர்களை எந்தச் சொல்லில் அடக்குவது? ‘தன்னார்வலர்’ என்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் ஆர்வம் தீர்ந்தால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. குடி என்றால் அடுத்த ஐப்பசிக்கும் ஆள் அனுப்ப வேண்டும்.

ஆகவே என் கட்சி இது: மராமத்தைத் தொட வேண்டாம். அரபி என்றாலும் அது நம் வீட்டுக் கூரை வரை ஏறிப் பழகிவிட்டது. தூய்மை பார்க்க வேண்டுமென்றால் முன்பாதியைப் பாருங்கள். அகராதி அச்சிடுகிறவர்கள் ‘குடி’க்கு எதிரே ஒரு பொருள் கூடுதலாகச் சேர்க்கலாம்: பொதுநிலத்தையோ நீர்நிலையையோ முறை வைத்துப் பேணும் பொறுப்பில் பங்குள்ளவர். பிறப்பும் பட்டாவும் அதில் வர வேண்டியதில்லை.

எழுதும் முறை: குடிமராமத்து ஒரே சொல். இடம் விட்டுப் பிரித்தால் அந்தப் பையனின் சந்தேகம் எல்லோருக்கும் வரும். ‘குடிமராமத்துப் பணி’, ‘குடிமராமத்துத் திட்டம்’ என ஒற்று மிகும். ‘குடிமாரமத்து’ என்று சுவரொட்டிகளில் காண்பது பிழை.