300-க்குக் கட்டினால் 95 தான் வருகிறதா?

அல்சூரில் கணக்கு எழுதும் அலுவலகம் நடத்துகிற அக்கா ஒருவர் போன மாதம் கூப்பிட்டார். "தம்பி, 300 எம்பிபிஎஸ் வேக இன்டர்நெட் பிளானுக்குப் பணம் கட்டுறேன். எப்போ பார்த்தாலும் 95-க்கு மேல ஏறவே மாட்டேங்குது. ரவுட்டரை ரெண்டு தடவை மாத்தியாச்சு."

95 என்றதுமே எனக்குக் கேபிள் மேல்தான் சந்தேகம் வந்தது. பெங்களூரில் 15 வருடமாக நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். 94, 95 என்று ஆணி அடித்தாற்போல் நிற்கிற வேகத்தைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன்.

ரவுட்டரையும் கணினியையும் இணைக்கும் லேன் கேபிளை உரித்தால் உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு ஆரஞ்சு, பச்சை என்ற இரண்டு ஜோடிகள் போதும். கிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, நான்கும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி அறுந்தால் பெரும்பாலும் இணைப்பு தானாகவே 100-க்கு இறங்கிக்கொள்ளும். நெட் நிற்காது, அதனால் கேபிளை யாரும் சந்தேகப்படுவதில்லை. அந்த 100-லும் முகவரி, சரிபார்ப்பு போன்ற சுமை போக நம் கைக்கு வருவது சுமார் 95.

அக்காவின் அலுவலகத்துக்குப் போய், என்னிடம் இருந்த கேபிளால் லேப்டாப்பை நேராக ரவுட்டரில் செருகினேன். 290-ஐத் தாண்டியது. அப்புறம் சுவர் வழியே போன கேபிளின் முனையை வெட்டிப் பார்த்தால், நீலக் கம்பி கனெக்டருக்குள்ளேயே ஒடிந்திருந்தது. கம்பியைப் பிளேடால் சுரண்டினேன். செம்பு நிறம் போய் வெள்ளையாகத் தெரிந்தது. அலுமினியத்துக்கு மேலே செம்புப் பூச்சு. இதைத்தான் சிசிஏ கேபிள் என்கிறோம்.

லேன் கேபிளுக்கான கேட் 5இ, கேட் 6 தரநிலைகள் இரண்டுமே செம்புக் கம்பியைத்தான் கேட்கின்றன. அலுமினியம் சீக்கிரம் ஒடியும், மின்தடையும் அதிகம். கேபிள் வழியாகவே மின்சாரம் எடுக்கும் கேமராக்களில் இந்தக் குறை இன்னும் நன்றாகத் தெரியும். பகலெல்லாம் ஒழுங்காக ஓடும் கேமரா, இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரிந்து மின்தேவை கூடும்போது அணைந்து அணைந்து வரும். பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் இரண்டு வகையும் கிடைக்கிறது. "ப்யூர் காப்பர்" என்று கேட்டு, கடையிலேயே ஒரு முனையைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். சுவருக்குள் போய்விட்ட கேபிளை மாற்றுவது எவ்வளவு பாடு என்பது எனக்குத் தெரியும்.

நெட் வரும் வழியில் இருக்கும் பெட்டிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபைபரில் வரும் ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றுவது ஓஎன்டி. வீட்டிலுள்ள கருவிகளை வெளியுலகத்தோடு இணைப்பது ரவுட்டர். கேபிள் செருகும் துளைகள், அதாவது போர்ட், போதாதபோது சேர்ப்பது சுவிட்ச். 100-க்கு மேல் போகாத பழைய 10/100 சுவிட்ச் ஒன்று நடுவில் இருந்தாலும் இதே 95 தான் வரும்.

இன்னொன்றை இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். மொட்டை மாடி வழியாகப் பக்கத்துக் கட்டடத்துக்கு லேன் கேபிள் இழுக்காதீர்கள். ஏப்ரல், மே மாத இடிமழையில் மின்னல் நேராக விழ வேண்டியதில்லை, அருகில் விழுந்தாலே செம்பில் மின்னழுத்தம் எகிறும். ஒரே மழையில் சுவிட்ச், கணினி இரண்டின் போர்ட்டும் கருகிப்போனதைப் பார்த்திருக்கிறேன். கட்டடம் விட்டுக் கட்டடம் போக, உலோகக் கம்பி இல்லாத ஃபைபர்தான் சரி.

அக்காவின் அலுவலகத்தில் கேபிளை மாற்ற ஒரு மதியம் ஆயிற்று. உங்கள் வீட்டிலும் பார்க்கலாம்: கேபிளைச் செருகிவிட்டு, விண்டோஸின் ஈதர்நெட் அமைப்பில் லிங்க் ஸ்பீடு என்ற வரியைப் பாருங்கள். 1000/1000 என்றிருந்தால் கோளாறு வேறு இடத்தில். 100/100 என்றிருந்தால், லேப்டாப் போர்ட்டே 100 தானா என்று பார்த்துக்கொண்டு, நெட் கம்பெனிக்கு போன் போடும் முன் ஒரு நல்ல கேபிளை மாற்றிப் பாருங்கள்.