'உயர் ஜாவானியம்' என்பது பிழை

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் பேசப்படும் ஜாவானிய மொழியைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் 'உயர் ஜாவானியம்', 'தாழ் ஜாவானியம்' என்று எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். அண்மையில் படித்த ஒரு கட்டுரை 'கொச்சை ஜாவானியம்' என்றே எழுதிவிட்டது. இனியும் பொறுப்பதற்கில்லை.

இவை அம்மொழியின் பேச்சு நிலைகள். 'உயர்' என்று இவர்கள் எழுதுவதற்கு மூலச் சொல் கிரமா, 'தாழ்' என்பதற்கு ஙோக்கோ. கிரமா வடசொல், நம் 'கிரமம்' அதுவேதான். ஙோக்கோ என்பது 'நீ' போட்டுப் பேசுவது. நடுவில் நிற்பது மத்யா.

இதில் உயர்வு எங்கே, தாழ்வு எங்கே? பழைய வீடுகளில் எஜமானர் பணியாளிடம் ஙோக்கோவில் பேசுவார். பணியாள் கிரமாவில் பதில் சொல்வார். தாழ்ந்த மொழியை எஜமானரும் உயர்ந்த மொழியைப் பணியாளும் பேசுகிறார்கள் என்றா எழுதுவது? செந்தமிழ், கொடுந்தமிழ் என்ற நம் பிரிவை அங்கே கொண்டுபோய் ஒட்டியதால் வந்த வினை இது. நம் எழுத்துவழக்கும் பேச்சுவழக்கும் இடத்தைப் பொறுத்து மாறுகின்றன. அவர்களுக்கோ எதிரில் நிற்பவர் யார் என்பதே கணக்கு.

சுட்டுச் சொற்களைப் பார்த்தாலே போதும். ஙோக்கோவில் இக்கி, இக்கு, இக்கா: அண்மை, இடைமை, சேய்மை. (இன்றைய பேச்சில் இக்காவின் இடத்தில் 'கயே' வருகிறது.) "அ இ உ அம்மூன்றும் சுட்டு" என்ற தொல்காப்பிய நூற்பாவைப் படித்தவருக்கு மெய்சிலிர்க்கும். இரண்டும் வேறு வேறு மொழிக்குடும்பங்கள். உறவு கொண்டாட முடியாது. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் இன்றும் 'உவன்', 'உது' என்பவர்களுக்கு 'இக்கு' உடனே விளங்கும். மத்யாவிலும் நிகி, நிகு, நிகா என மூன்றும் உண்டு. கிரமாவிலோ மூன்றுக்கும் 'புனிகா' ஒன்றுதான், பேச்சில் 'மெனிகா'. தாழ்ந்தது என்று இவர்கள் தள்ளும் வழக்குதான் தூரத்தை நுட்பமாகப் பிரிக்கிறது. கிரமா அதை விட்டுவிட்டுப் பணிவை மட்டும் காட்டுகிறது.

ஆகவே ஙோக்கோவை உரிமை வழக்கு என்றும், கிரமாவைப் பணிவு வழக்கு என்றும், மத்யாவை இடை வழக்கு என்றும் சொல்வோம். 'மரியாதை மொழி' என்று சிலர் எழுதுவது 'உயர்' என்பதைவிடத் தேவலை. ஆனால் அதிலும் குழப்பம் இருக்கிறது. கேட்பவருக்குக் காட்டும் பணிவு கிரமா. பேசப்படுபவருக்குத் தரும் ஏற்றம் வேறு. அதற்கான சொற்களைக் கிரமா இங்கில் என்பார்கள். அவற்றை ஏற்றச்சொற்கள் எனலாம். நண்பனிடம் உரிமை வழக்கில் பேசும்போதும் அவன் தந்தையைக் குறிக்க ஏற்றச்சொல் வரும்.

வீட்டுக்கு உரிமை வழக்கில் 'ஓமா', பணிவு வழக்கில் 'கிரியா', ஏற்றச்சொல் 'டாலம்'. டாலம் என்றால் 'உள்' என்றும் பொருள். நம் 'அகம்' போலவே. பெரியவரிடம் "இது யார் வீடு?" என்று கேட்பவர் 'மெனிகா டாலமிபுன் சிந்தன்?' என்பார். தன் வீட்டைச் சொல்லும்போது 'கிரியா'தான். தனக்கு ஏற்றச்சொல் போட்டுக்கொள்வதில்லை. நாமும் 'தங்கள் இல்லம்' என்று சொல்லிவிட்டு 'எங்கள் வீடு' என்றுதானே சொல்கிறோம்? அந்த 'இல்லம்' கைவசம் இருக்கும்போதே, மொழிபெயர்ப்பாளர்கள் மூன்றையும் 'வீடு' என்று எழுதிவிட்டு அடிக்குறிப்பில் 'உயர் ஜாவானியம்' என்று போடுகிறார்கள்.