ஏற்பி: மார்பகப் புற்றுநோய் அறிக்கையில் மும்முறை வரும் சொல்

மார்பகக் கட்டியிலிருந்து ஊசி வழியே எடுத்த திசுவின் ஆய்வறிக்கை கைக்கு வந்ததும், கட்டியின் அளவையும் நோய் எத்தனையாவது நிலையில் இருக்கிறது என்பதையுமே பலர் முதலில் தேடுகிறார்கள். எந்த மருந்தை, எந்த வரிசையில், எத்தனை காலம் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டிய மருத்துவரோ அவற்றுக்கு இணையாக மூன்று குறிகளைப் பார்க்கிறார்: ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2. முறையே ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன்கள், மேற்றோல் வளர்ச்சிக் காரணி ஆகியவற்றோடு தொடர்புடைய இம்மூன்றின் இறுதி எழுத்தும் 'ரிசெப்டர்' என்ற ஒரே சொல்லின் சுருக்கம். தமிழில் அது ஏற்பி: தனக்குப் பொருந்தும் பொருள் வந்து ஒட்டிக்கொள்வதற்கு உயிரணுவில் உள்ள இடம்.

ரிசெப்டர் என்பதன் வேர், பெற்றுக்கொள்ளுதல் என்று பொருள்படும் 'ரெகிப்பெரே' என்ற லத்தீன் வினை. ஆங்கில 'ரிசீட்' அதே வேரில் பிறந்தது. ஒலியைக் கேட்டு நம் ரசீதையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடக் கூடாது. அது பாரசீக வழி வந்த சொல். நச்சுப்பொருள் ஒன்று உயிரணுவில் தனக்குப் பொருந்தும் இடத்தில் ஒட்டிக்கொண்டால்தான் வேலை செய்யும் என்று கருதிய ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக், 1900ஆம் ஆண்டில் அந்த இடத்துக்கு இப்பெயரை இட்டார்.

தமிழ்ச்சொல்லின் அமைப்பு எளியது. 'ஏல்' என்பது பெறுதலைக் குறிக்கும் வினை. இரந்து பெறுவதையும் நம் அறநூல்கள் ஏற்றல் என்றே சொல்கின்றன. கடத்துவது கடத்தியாகவும், பூச்சியைக் கொல்வது பூச்சிக்கொல்லியாகவும் ஆனது போல, ஏற்பது ஏற்பி ஆயிற்று. இலங்கையின் தமிழ் அறிவியல் நூல்கள் இதையே 'வாங்கி' என்கின்றன. அதுவும் பிழையற்ற சொல்தான். என்றாலும் 'வாங்கி' என்பது 'வாங்கிவிட்டு' என்னும் பொருள்தரும் எச்சமாகவும் நிற்கக்கூடியது என்பதால், நீண்ட வாக்கியங்களில் ஏற்பியே குழப்பம் தராது.

இச்சொல் மார்பகப் புற்றுநோய்க்குள் வருவதற்கு முன்பே அதன் விளைவு கண்ணில் பட்டுவிட்டது. கிளாஸ்கோவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்ணின் சூலகங்களை அகற்றியபோது கட்டி சுருங்கியதை 1896இல் பதிவு செய்தார். அடுத்தடுத்த ஆண்டுகளில் பிறரும் இதைச் செய்து பார்த்ததில், ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கே பலன் கிடைத்தது. மற்ற இருவருக்கும் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு விடை, 1950களின் இறுதியில் சிகாகோவில் ஆய்வாளர் எல்வுட் ஜென்சன் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைக் கண்டறிந்த பின்னரே தெளிவாகத் தொடங்கியது. ஏற்பி இல்லாத கட்டிக்கு, சூலகங்கள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இன்று ஏறக்குறைய பத்தில் ஏழு மார்பகப் புற்றுக் கட்டிகளில் இந்த ஏற்பி இருக்கிறது. அத்தகைய கட்டி உள்ளவர்களுக்கு, 1977இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டாமாக்சிஃபென், ஏற்பியில் தான் அமர்ந்துகொண்டு ஈஸ்ட்ரோஜனுக்கு இடம் தராமல் செய்கிறது. மாதவிடாய் நின்றவர்களுக்குப் பெரும்பாலும் தரப்படும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்றவை ஏற்பியைத் தொடாமல், உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே குறைக்கின்றன. இவ்வகை மாத்திரை ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை நீள்வதுண்டு.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உயிரணுவுக்குள், பெரிதும் உட்கருவில் இருப்பதால், உள்ளே புகக்கூடிய சிறு மூலக்கூறான மாத்திரை அதைச் சென்றடைகிறது. ஹெர்-2 ஏற்பியோ உயிரணுவின் புறச்சவ்வில் வெளியே தலைநீட்டி நிற்பது. ஆகவே 1998இல் வந்த டிராஸ்டுசுமாப் என்னும் பெரிய எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) வெளியிலிருந்தே அதைப் பற்றிக்கொள்ள முடிகிறது. தொடக்க நிலை நோய்க்கு இதை வழக்கமாக ஓராண்டு, கீமோவோடு தொடங்கித் தருவார்கள். இங்கே ஒரு சொல்வேடிக்கை உண்டு. ஹெர்-2இல் வந்து பொருந்தும் இயற்கைப் பொருள் எதுவும் இதுவரை அறியப்படவில்லை. பக்கத்து ஏற்பிகளோடு இணை சேர்ந்தே அது வளர்ச்சிக் கட்டளையை உள்ளே அனுப்புகிறது. பெயர் ஏற்பி, அது ஏற்பதோ ஒன்றுமில்லை.

மொழிபெயர்ப்பில் உண்மையான தொல்லை 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்ற சொற்களில்தான் தொடங்குகிறது. கொரோனாப் பரிசோதனைக் காலத்துக்குப் பிறகு 'நெகட்டிவ்' என்றாலே நல்ல செய்தி என்று நம் காது பழகிவிட்டது. 'ட்ரிபிள் நெகட்டிவ்' என்று கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விடும் உறவினருக்கு, மூன்று ஏற்பிகளும் இல்லாததால் அவற்றைக் குறிவைக்கும் மருந்துகள் பயன்படாது என்பதையும், கட்டி இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ அக்குள் நிணநீர்க் கணுவுக்குப் பரவியிருந்தாலோ அறுவைக்கு முன்பே பெரும்பாலும் கீமோ தொடங்கப்படும் என்பதையும் யாராவது விளக்க வேண்டியிருக்கிறது. இதை 'மும்மடங்கு எதிர்மறை' என்று எழுதுவது அந்தக் குழப்பத்தைத் தமிழாக்கித் தருவதே தவிர வேறில்லை. 'ஏற்பி உள்ளது', 'ஏற்பி இல்லை' என்று எழுதினால் போதும். ஒற்றைச் சொல்லே வேண்டுமென்றால், முதுகெலும்பிலி என்று பாடநூல்களில் பழகிய வழியில் 'மூவேற்பியிலி' எனலாம்; மூவுலகு போலவே புணர்ந்து வரும் இச்சொல்லை நான் முன்மொழிகிறேன்.

ஆனால் உண்டு, இல்லை என்ற பிரிவும் அத்தனை கறாரானது அன்று. ஈஸ்ட்ரோஜன் ஏற்பிச் சோதனையில் புற்றுயிரணுக்களின் உட்கருக்களில் நூற்றுக்கு ஒன்று நிறமேறினாலே 'உண்டு' என்று கொள்கிறார்கள்; ஒன்று முதல் பத்து வரை உள்ளதைக் 'குறைவாக உண்டு' எனத் தனியே குறிக்கிறார்கள். ஹெர்-2 சோதனையில் நிறமேறும் அளவுக்கு ஏற்ப 0 முதல் 3+ வரை எண் தருகிறார்கள். 3+ என்றால் உண்டு. 0, 1+ என்றால் இல்லை. 2+ வந்தால், மரபணுப் பிரதிகளை எண்ணும் 'ஃபிஷ்' சோதனை முடியும்வரை காத்திருக்க வேண்டும். 'இல்லை' என்று ஒதுக்கப்பட்டு வந்த 1+ உம், ஃபிஷ் சோதனையில் மிகுதி காணாத 2+ உம் பரவிய நோயில், டிராஸ்டுசுமாபோடு கீமோ மருந்தை இணைத்த டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டீகன் மருந்துக்குப் பலன் தருகின்றன என்று தெரிந்து, 2022இல் அமெரிக்காவில் அதற்கும் ஒப்புதல் கிடைத்தபோது, 'ஹெர்-2 லோ' என்ற புதுப் பெயர் அறிக்கைகளில் நுழைந்தது. அதைத் தமிழில் 'ஹெர்-2 குறைவு' என்று எழுதலாம். மூவேற்பியிலி என்று நான் மேலே முன்மொழிந்த சொல்லின்கீழ் வரும் கட்டிகளிலும் ஒரு பகுதி இந்தக் 'குறைவு' வகையைச் சேர்ந்தது என்பதால், அச்சொல்லை எழுதுகிறவர் ஹெர்-2 எண்ணையும் பக்கத்திலேயே குறித்துவிடுவது நல்லது.