மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டு, 41 நாள் ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் இருந்து, செங்கோட்டை வழியாகச் சபரிமலைக்குப் போய்வந்து, மாலையைக் கழற்றிய சாயங்காலமே டாஸ்மாக் வாசலில் நிற்கும் ஆள் திருநெல்வேலிப் பக்கம் தெருவுக்கு ஒருவராவது உண்டு. வீட்டில் உள்ளவர்களுக்கு அந்தச் சாயங்காலம்தான் வேதனை. எனக்கோ அந்த 41 நாள்தான் ஆச்சரியம். மனவுறுதியே இல்லாதவர் என்று ஊர் கைகழுவிய மனிதர் எப்படி அத்தனை நாள் இருந்தார்?

அவரைச் சுற்றி என்ன மாறியது என்று பாருங்கள். கறுப்பு வேட்டி, விடியற்காலைக் குளியல், இருட்டியதும் பஜனை, தடுமாறினால் கேட்க ஒரு குருசாமி. எல்லோரும் ‘சாமி’ என்று அழைக்கிறார்கள். கூடக் குடித்தவர்களே, “வாலே, ஒரு ரவுண்டு” என்று கூப்பிடத் தயங்குகிறார்கள். மாலையோடு இவை அத்தனையும் ஒரே நாளில் கழன்றுவிடுகின்றன. மூளை மட்டும் பழைய மூளைதான்.

அந்த மூளை செய்யும் வேலை இது. விளக்கு எரிந்ததும் பழச்சாறு கிடைக்கும் என்று குரங்குகளைப் பழக்கிய ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. தொடக்கத்தில் சாறு கிடைத்தபோது துடித்த, டோபமின் என்ற மூளை வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள், பழகிய பிறகு விளக்கு எரிந்த உடனேயே துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. குடிப்பவருக்கு அந்த விளக்கு எதுவாகவும் இருக்கலாம்: சம்பள நாள், ஒரு பஸ் நிறுத்தம், பொரித்த மீன் வாசனை, கோயில் கொடையின் மேளச் சத்தம். வேட்கையைக் கிளப்புவது பெரும்பாலும் இந்தச் சைகைகளே. அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு பல்லைக் கடித்து ஜெயிப்பது கடினம்.

குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஆதரவுக் குழு கைவைப்பது இந்த இடத்தில்தான். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், தொழில் முயற்சி தோற்று ஓட்டலில் நின்றிருந்த பில் வில்சன் என்ற பங்குத் தரகருக்குக் குடிக்கும் ஆசை வந்தது. அவர் தேவாலயங்களுக்குத் தொலைபேசியில் பேசி, தன்னைப் போலவே குடியில் சிக்கிய இன்னொருவரைத் தேடினார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். இவர்கள் சந்திப்பில் பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ. புத்தி சொல்ல ஆள் தேடாமல், பேச ஒரு கூட்டாளியை வில்சன் தேடினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட கூட்டங்கள் எதனால் பலிக்கின்றன என்று ஆராய்ந்தவர்கள் முதன்மையாகக் கண்டது, பழகும் ஆட்கள் மாறுவதைத்தான். குடிக்கும் நண்பர்கள் குறைந்து, குடிக்காத நண்பர்கள் கூடுகிறார்கள். அதோடு, ‘இந்த இக்கட்டிலும் குடிக்காமல் இருக்க என்னால் முடியும்’ என்ற நம்பிக்கையும் வளர்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 27 ஆய்வுகளில் பங்கேற்ற பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை அலசியது. முறையான வழிகாட்டலோடு ஏஏ கூட்டங்களில் சேர்க்கப்பட்டவர்களில் 42 சதவீதம் பேர் ஓராண்டு கழிந்தும் முழுமையாகக் குடிக்காமல் இருந்தார்கள்; வேறு உளவியல் சிகிச்சை பெற்றவர்களில் 35 சதவீதம் பேர். மந்திரம் இல்லை, ஆனாலும் காசு செலவில்லாத ஒன்றுக்கு இது சாதாரண விஷயமும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. நாள்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. மதுவின் அமுக்கத்தை ஈடுகட்டவே மூளை தன்னை முறுக்கேற்றி வைத்திருக்கும். மது நின்றதும் அந்த முறுக்கு அடக்குவாரின்றிக் கட்டுமீறுகிறது. சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பும் வரலாம். அடுத்த இரண்டு நாள்களில் சித்தப்பிரமையும் வரக்கூடும், அது உயிரையே பறிக்கலாம். மாலை போட்ட இரண்டாம் நாள் ஒருவருக்கு வலிப்பு வந்தால் சாமி குற்றம் என்று நேர்ந்துகொண்டிருக்காமல், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மருத்துவமும் குழுவும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல.

குழுவைத் தேடுவதற்கு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்கலாம்; 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண்ணும் இருக்கிறது. சேர ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற ஆசை. கட்டணம் கிடையாது, முழுப்பெயரும் தேவையில்லை. சொந்த ஊரில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூச்சப்படுகிற அம்பாசமுத்திரத்துக்காரர், கூட்டம் நடக்கும் வேறோர் ஊருக்குப் பஸ் ஏறலாம். ஒவ்வொருவரும் தன் கதையைச் சொல்வார். யாரும் குறுக்கிட மாட்டார்கள், தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். முதல் நாள் “கேட்க வந்தேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாலே போதும். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற தனிக் கூட்டங்கள் உண்டு. குடிப்பவர் வர மறுத்தாலும் அவர்கள் போகலாம்.

ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் இன்னொன்று. சிலருக்கு ஏஏ-யின் கடவுள் பேச்சு ஒட்டாது. அவர்கள் ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ வேறு வழி கேட்கலாம்.

மாலை போட்டிருப்பவருக்கு என் யோசனை, மலைக்குப் போய்வந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல், விரதத்தின் மூன்றாவது வாரத்திலேயே முதல் கூட்டத்துக்குப் போய்விடுவது. கை நடுக்கம் அடங்கித் தலை தெளிந்திருக்கும் நாள்கள் அவை. மாலையைக் கழற்றும் அன்று சாயங்காலம் போன் செய்ய ஒரு ஆளாவது அதற்குள் கிடைத்திருப்பார்.