டிசைன் படிப்பு: லேப்டாப், கருவிச் செலவையும் கல்விக்கடனில் கேட்கலாம்

டிசைன் படிப்பில் சேரும்போது கல்லூரிக் கட்டணத்தைத்தான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். கிராஃபிக்ஸ் மென்பொருளைத் தாங்கும் லேப்டாப், பேட்டர்ன் பேப்பர், காடாத் துணி, மார்க்கர், ஃபோம் போர்டு, கலர் பிரிண்ட் என்று செமஸ்டர்தோறும் நீளும் செலவு பிறகுதான் கழுத்தை நெரிக்கும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் இவற்றுக்கும் இடம் உண்டு. புத்தகம், கருவி, படிப்பை முடிக்கத் தேவையான கணினி, கல்விச் சுற்றுலா, புராஜெக்ட் ஆகியவற்றையும் சேர்த்தே கடன் கேட்கலாம்.

பல வங்கிகளில் இந்தச் செலவுகள் முழுப் படிப்புக்கான டியூஷன் கட்டணத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நான்கு ஆண்டு டியூஷன் ரூ.8 லட்சம் என்றால் ரூ.1.6 லட்சம் வரை கேட்கலாம், ரூ.2 லட்சம் என்றால் ரூ.40,000தான். விடுதிக் கட்டணம் இந்தக் கணக்கில் சேராது. கட்டணம் குறைந்த கல்லூரியில் படிக்கும் ஏழை மாணவருக்கே வரம்பும் குறைகிறது, இது நியாயமில்லை. அப்படி வரம்பு குறைவாக இருந்தால், செலவுப் பட்டியலில் லேப்டாப்பை முதலில் வையுங்கள், மற்றவை பிறகு.

பெரும்பாலும் சிக்கல் விண்ணப்பத்தில்தான். டியூஷன், விடுதிக் கட்டணம் மட்டும் எழுதிக் கடன் வாங்கிவிட்டு, இரண்டாம் ஆண்டில் லேப்டாப்புக்குப் போனால், அனுமதித்த தொகையில் அதற்கு இடமிருக்காது. அதனால் கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கும் முன்பே துறைத்தலைவரிடம் கல்லூரி லெட்டர்ஹெட்டில் ஆண்டுவாரியான செலவுப் பட்டியல் வாங்குங்கள். ‘கணினி தேவை’ என்ற ஒற்றை வரி போதாது. எந்தப் பாடத்துக்கு, எந்த மென்பொருளுக்கு, என்ன திறனுள்ள கணினி என்று இருக்கட்டும். கடையின் கொட்டேஷனையும் (விலைப்புள்ளி) இணையுங்கள். முந்திக்கொண்டு கைக்காசில் வாங்காதீர்கள். செலவழித்த பணத்தைத் திரும்பத் தர வங்கி மறுக்கலாம். வாங்கியதும் ஜிஎஸ்டி பில்லை வங்கியில் கொடுத்துவிடுங்கள்.

கடன் ரூ.4 லட்சம் வரை என்றால் செலவில் ஒரு பகுதியை நம் பங்காகப் போடச் சொல்லமாட்டார்கள், ரூ.7.5 லட்சம் வரை சொத்துப் பிணை வேண்டாம், பெற்றோர் கையெழுத்துப் போட்டால் போதும்.

குடும்ப ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்தால், தகுதியான கல்லூரிகளின் தொழிற்கல்விப் படிப்புகளுக்கு, படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் உள்ள வட்டியை மத்திய அரசு மானியமாகத் தருகிறது. உங்கள் கல்லூரி அதில் வருகிறதா என்று கடன் வாங்கும் முன்பே வங்கியில் கேளுங்கள். படிப்பைப் பாதியில் விட்டால் மானியம் நின்றுவிடும். தாசில்தார் வழங்கும் வருமானச் சான்றை முன்கூட்டியே வாங்கிவையுங்கள்.