எவ்வளவு என்பதோடு, எதற்கு எவ்வளவு என்றும் கேளுங்கள்

மண்ணுக்கும் உரத்துக்கும் ஆலோசனை சொல்வது என் தொழில். விவாத மேடைக்கோ கல்லூரிக் கட்டுரைக்கோ தயாராகும் மாணவர்கள் அடிக்கடி வந்து, ரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் நம்பிச் செய்யும் தொழில்மய வேளாண்மைக்கு ஆதரவாகவும் எதிராகவும் ஆதாரம் கேட்பார்கள். கையில் ஏற்கெனவே ஒரு கட்டு குறிப்பு இருக்கும். அதிலுள்ள எண்களில் பெரும்பாலானவை பொய்யல்ல. எதனால் வகுத்து வந்த எண் என்பதுதான் எங்கும் எழுதியிருக்காது. இந்த விவாதத்தில் பாதிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

வயலில் பயிர் எடுக்காமல் மிஞ்சி நீரில் கரைந்து போகும் நைட்ரஜன் சத்தை, அதாவது நைட்ரேட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வந்த ஒரு பகுப்பாய்வு இரண்டு விதமாகக் கணக்குப் பார்த்தது. ஒரு ஹெக்டேருக்கு எவ்வளவு கசிகிறது என்று பார்த்தால் இயற்கை வேளாண்மையில் கசிவு குறைவு. ஒரு டன் விளைச்சலுக்கு எவ்வளவு என்று பார்த்தால் ரசாயன வேளாண்மையில் கசிவு குறைவு. அளவீடு அதேதான், மாறியது வகுக்கும் எண் மட்டும். ஒரு ஊரின் கிணற்று நீரைப் பற்றிய கவலை என்றால் ஹெக்டேர் கணக்கு பொருந்தும். இத்தனை பேருக்குச் சோறு போட வேண்டும் என்பது கேள்வியானால் டன் கணக்கு பொருந்தும். எந்தக் கேள்வி என்று சொல்லாமல் எண்ணை மட்டும் வீசுவது, இரண்டு பக்கமும் செய்கிற வேலை.

மகசூல் வித்தியாசமும் இப்படித்தான். 2012இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்த ஆய்வு, இயற்கை வேளாண்மையில் விளைச்சல் 5 முதல் 34 சதவீதம் வரை குறைகிறது என்றது. ஒரு தரப்பு ஐந்தைப் பிடித்துக்கொள்கிறது, இன்னொன்று முப்பத்து நான்கை. அந்த ஐந்து, மானாவாரிப் பயறு வகைகளுக்கும் பல்லாண்டுப் பயிர்களுக்கும், அதுவும் ஏற்ற மண்ணில் கிடைத்தது. 2015இல் வந்த இன்னொரு தொகுப்பு சராசரி வித்தியாசம் 19 சதவீதம் என்றது. இயற்கை வயலில் மட்டும் கலப்புப் பயிரோ பயிர்ச் சுழற்சியோ இருந்த ஒப்பீடுகளில் அது 8, 9 சதவீதமாகச் சுருங்கியது. அந்த 'மட்டும்' முக்கியம், மேற்கோள் காட்டும்போது அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று இங்கிலாந்தில் இருக்கிறது. ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தின் பிராட்பாக் வயலில் 1843 முதல் கோதுமைச் சோதனை நடந்துவருகிறது. தொழுவுரம் மட்டும் போட்ட பாத்தியும் ரசாயன உரம் போட்ட பாத்தியும் நெடுங்காலம் ஏறக்குறைய ஒரே விளைச்சலைத் தந்தன. ரசாயனம் மண்ணைக் கொன்றுவிடும் என்பவருக்கு அது ஒரு பதில். ஆனால் தொழுவுரப் பாத்தியின் மண்ணில் கரிமச்சத்து இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. உரமூட்டை போதும் என்பவருக்கு அது பதில். இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பாத்திக்கு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம் போட்டார்கள். அவ்வளவு சாணம் தரும் மாடுகளுக்குத் தீவனம் வேறு ஏதோ நிலத்தில் விளைய வேண்டும். அந்த நிலத்தைக் கணக்கில் சேர்க்காமல் ஒப்பிடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சில எண்களுக்கு மூலமே தேறாது. 'உலகின் மேல்மண் இன்னும் 60 அறுவடைதான் தாங்கும்' என்பது 2014இல் செய்தியாகப் பரவியது, பின்னால் ஆய்வு எதுவும் இல்லை. 2020இல் உண்மையாகவே அளவீடுகளைத் திரட்டிப் பார்த்தபோது, வழக்கமான முறையில் சாகுபடி செய்யும் மண்ணில் 16 சதவீதத்துக்குத்தான் நூறு ஆண்டுக்குக் குறைவான ஆயுள் என்று தெரிந்தது. அதுவே கவலைப்படப் போதுமான செய்தி, மிகைப்படுத்தத் தேவையில்லை. 'சிறு விவசாயிகளே உலக உணவில் 70 சதவீதம் தருகிறார்கள்' என்பதும் இப்படித்தான். 2 ஹெக்டேருக்கும் குறைந்த பண்ணைகள் தருவது சுமார் 35 சதவீதம் என்று 2021இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. அதையும் 12 சதவீத வேளாண் நிலத்தில் இருந்தே தருகிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

சரி, இரு தரப்பின் வலுவான வாதம் எது? ஆதரவுப் பக்கம் நைட்ரஜன்தான். ஜெர்மன் வேதியியலாளர் ஹேபர் காற்றின் நைட்ரஜனிலிருந்து 1909இல் ஆய்வகத்தில் செய்து காட்டி, 1913இல் தொழிற்சாலைக்கு வந்த அம்மோனியா, உரமாகி, இன்று உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கான உணவைத் தாங்குகிறது. இலங்கை 2021 ஏப்ரலில் ரசாயன உர இறக்குமதியைத் தடுத்து, நெல் விளைச்சல் சரிந்து, நவம்பரிலேயே தடையைத் திரும்பப் பெற்றது. ஆனால் அதை இயற்கை வேளாண்மையின் தோல்வி என்று சொல்லிவிடாதீர்கள். ஒரே பருவத்தில் திடீரென்று உரத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கே அது சான்று.

எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதமும் அதே நைட்ரஜன்தான். போடுவதில் பாதியளவுதான் பயிருக்குள் போகிறது. மிச்சம் நீரிலும் காற்றிலும் கலக்கிறது. ஆறு வழியே கடலுக்கு வந்த இந்தச் சத்தால் மெக்சிகோ வளைகுடாவில் 2017இல் ஆக்சிஜன் வற்றிய கடற்பரப்பு 22,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. காற்றில் கலக்கும் நைட்ரஸ் ஆக்சைடு, கரியமில வாயுவைவிட சுமார் 270 மடங்கு வெப்பம் பிடிக்கும். இந்தச் செலவு எதுவும் தானியத்தின் விலையில் ஏறுவதில்லை. மீனவரும் தண்ணீர் சுத்திகரிப்பவரும் ஏற்கிறார்கள்.

ஆய்வுக்குப் பணம் யார் தந்தார்கள் என்று பார்ப்பதும் அவசியம், ஆனால் அதை வைத்தே ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. உர நிறுவனம் பணம் தந்திருந்தாலும் முறையை முழுக்க வெளியிட்டிருந்தால் சரிபார்க்கலாம். இயற்கை வேளாண் அமைப்பின் சோதனைக்கும் இதே அளவுகோல்தான்.

இவ்வளவு சரிபார்த்த பிறகும் ஒரு கருத்து வேறுபாடு மிஞ்சும். மலிவான தானியம் ஏழைகளுக்கு முக்கியமா, மருந்தடிக்கும் கூலியாளின் உடம்பும் ஆற்று நீரும் முக்கியமா என்பதை எந்த ஆய்வும் முடிவு செய்து தராது. அந்த இடத்துக்கு வந்ததும் எண்களுக்குப் பின்னால் ஒளியாமல், இது என் விருப்பம், காரணம் இது என்று வெளிப்படையாகப் பேசுங்கள்.